கோழி இல்லாமல் குஞ்சு: இன்குபேட்டர் காற்றைப் படித்த வரலாறு

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அடுத்து வரும் தடா ஆந்திராவில் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்தப் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவர் வீட்டிலேயே இன்குபேட்டர் செய்ய நினைத்தால் பொருளுக்குப் பஞ்சமில்லை. மீன் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று, 2 குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர். பெட்டி ரெடி!

30 முட்டை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டர் 37.5 டிகிரியை விட்டு அசையவே இல்லை. 21 நாள் கழித்துப் பார்த்தால் வந்தது 8 குஞ்சு. மீதியை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கூமுட்டை கூட இல்லை. மூக்கு, இறகு, நகம் எல்லாம் முழுசாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கின்றன. சூடு சரியாகத்தானே இருந்தது? பிறகு எங்கே தப்பு?

தப்பு அந்தக் கிண்ணத்துத் தண்ணீரிலும், பெட்டியில் போட்ட (அல்லது போடாமல் விட்ட) ஓட்டைகளிலும் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு 2000 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அடைக்கோழி என்ன செய்கிறது?

முதலில் கோழியைப் பார்ப்போம். நம் ஊரில் அடை வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. கூடையிலோ பழைய சட்டியிலோ மணல் அல்லது வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டைகளை அடுக்கி, அடைக்கோழியை உட்கார வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடையில் போடுவார்கள். ஒற்றைப்படைக்கும் இரும்புக்கும் அறிவியல் காரணம் தேட வேண்டாம். ஆனால் அந்த மணலும் வைக்கோலும் வெறும் மெத்தை அல்ல. அடியிலிருந்து கொஞ்சம் காற்று, கொஞ்சம் ஈரம் இரண்டும் முட்டைக்குப் போய்ச் சேர அவை வழி விடுகின்றன.

கோழியும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நாளைக்குப் பல தடவை முட்டைகளைப் புரட்டும். தீனிக்கும் தண்ணீருக்கும் கொஞ்ச நேரம் எழுந்து போகும். அந்த நேரத்தில் அடியில் தேங்கி நின்ற காற்று மாறிவிடும். சூடு, ஈரம், காற்று, புரட்டல் என்ற 4 வேலைகளையும் ஒரே கோழி செய்துவிடுகிறது. மனிதன் இதைப் பெட்டிக்குள் செய்யப் போனபோது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது சூடு மட்டும்தான். மற்றவை ஒவ்வொன்றாகத்தான் புரிந்தன.

எகிப்தின் குஞ்சு அடுப்புகள்

கோழி இல்லாமல் குஞ்சு பொரிப்பதில் பழங்காலத்தில் பேர் வாங்கியவர்கள் 2 நாட்டினர். ஒன்று சீனா, இன்னொன்று எகிப்து. எகிப்தில் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரிக்க வைப்பதாகக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பிறகு அங்கே பச்சைச் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்புகள் வந்தன. நடுவில் ஒரு நடைபாதை, இருபுறமும் இரண்டடுக்கு அறைகள். கீழ் அடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டைகள், மேல் அடுக்கில் வைக்கோலும் எருவும் எரியும் மெதுவான நெருப்பு. கூரையில் ஒரு துளை. அதைத் திறந்தும் மூடியும் சூட்டையும் புகையையும் சரி செய்தார்கள்.

தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். இமைத் தோல் மெல்லியது, சூடு கூடினால் உடனே தெரிந்துவிடும். இந்தத் தொழில் குடும்பத்துக்குள்ளேயே, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஏறக்குறைய பாதி நாட்கள் ஆனதும் நெருப்பை அணைத்துவிடுவார்கள். ஏன்? வளர்ந்த கருவே சூடு விட ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு முட்டைக்கு வெளிச் சூடு பெரிதாகத் தேவையில்லை. இந்த உண்மைக்கு அமெரிக்காவில் கோடிக்கணக்கான பணம் காத்திருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ரேயோமூரின் பீப்பாய்

எகிப்து ரகசியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர் (1683-1757). 1730இல் தன் பெயரிலேயே ஒரு தெர்மாமீட்டர் அளவை உருவாக்கியவர். சூட்டை அளக்க அவரை விடத் தகுந்த ஆள் யார்?

பிரான்சில் விறகு விலை அதிகம். அதனால் குதிரைச் சாணத்தின் சூட்டைப் பயன்படுத்திப் பார்த்தார். சாணம் நன்றாகவே சூடேறியது. ஆனால் முட்டைகள் செத்துப்போயின! சாணத்திலிருந்து கிளம்பிய ஈர ஆவிதான் கருவைக் கொல்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். உடனே ஒரு மரப் பீப்பாயை எடுத்து, உள்பக்கம் காரை பூசி, சாணக் குவியலுக்கு நடுவில் இறக்கினார். இப்போது சாணத்தின் சூடு உள்ளே வரும், ஆவி வராது. மூடியில் சில துளைகள் போட்டு, அவற்றுக்குத் தக்கை வைத்தார். சூடு கூடினால் ஒரு தக்கையை எடுப்பார், குறைந்தால் அடைப்பார்.

இன்று தெர்மோகோல் பெட்டியில் ஓட்டை போட்டு டேப் ஒட்டுபவர் செய்வதும் இதே வேலைதான். தெர்மாமீட்டர் வாங்க முடியாத விவசாயிகளுக்காக வெண்ணெயையும் கொழுப்பையும் கலந்து ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைக்கச் சொன்னார் ரேயோமூர். அது கெட்டியான பாகு மாதிரி ஓடினால் சூடு சரி என்று அர்த்தம். 1749இல் இதையெல்லாம் புத்தகமாகவே வெளியிட்டார். ஈரம் அதிகமானாலும் குஞ்சு சாகும் என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

இங்கிலாந்தின் விளக்குப் பெட்டி

அடுத்த பெரிய முன்னேற்றம் 1881இல் வந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் என்பவர் தானாகவே சூட்டைச் சரி செய்துகொள்ளும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை ஒட்டி, நடுவில் சில துளி ஈதர் கலந்த திரவத்தை அடைத்தார். பெட்டியின் சூடு எல்லையைத் தாண்டினால் திரவம் ஆவியாகித் தகடு உப்பும். உப்பும் தகடு ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி விளக்கின் புகைபோக்கி மூடியைத் திறக்கும், சூடு வெளியே போய்விடும். மின்சாரமே இல்லாத தெர்மோஸ்டாட்! ஏறக்குறைய அதே சமயத்தில், 1879 முதல், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் இன்குபேட்டர் செய்து, அந்த ஊரையே கோழி நகரமாக்கினார்.

ஹியர்சன் பெட்டியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு, அதன் மேல் ஈரத்துணி. வெளிக்காற்று அந்தத் துணி வழியாக ஈரத்தை வாங்கிக்கொண்டுதான் முட்டைக்குப் போகும். "இன்குபேட்டரில் தண்ணீர் வை" என்று இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இந்தக் காலத்துப் பெட்டிகளில் பழகிப்போனது. அது குளிர் நாட்டில் பிறந்த அறிவுரை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஃபேன் வந்தது, வழக்கும் வந்தது

விளக்குப் பெட்டிகளில் காற்று தானாக மேலே போய்க் கீழே வந்தால்தான் உண்டு. அதனால் ஒரே அடுக்கில்தான் முட்டை வைக்க முடியும். அடுக்கடுக்காக வைத்தால் மேல் தட்டு வேகும், கீழ் தட்டு குளிரும். பெட்டியைப் பெரிதாக்க முடியாமல் வியாபாரம் தேங்கி நின்றது.

இதை உடைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் சாமுவேல் ஸ்மித். 1918இல் அவருக்கு ஒரு பேட்டன்ட் கிடைத்தது. அவர் யோசனை இதுதான். முதல் வார முட்டை சூட்டை வாங்கும். கடைசி வார முட்டை சூட்டை விடும். இரண்டையும் ஒரே அறையில் அடுக்கி, ஃபேன் வைத்துக் காற்றைச் சுற்ற விட்டால், பெரிய முட்டையின் சூட்டைக் காற்றே எடுத்துப் போய்ச் சின்ன முட்டைக்குக் கொடுத்துவிடும். எகிப்தியர்கள் நெருப்பை அணைத்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. காற்று வெளியேறும் வழியை அளவாக வைத்தால் ஈரமும் அறைக்குள் நிற்கும்.

ஒரே அறையில் ஆயிரக்கணக்கில் முட்டை! வாரத்துக்கு இரண்டு தடவை முட்டை வைத்து, இரண்டு தடவை குஞ்சு எடுக்கலாம். குஞ்சு பொரிப்பது பண்ணை வேலையாக இருந்தது போய்த் தனித் தொழிலானது. பணம் வந்த இடத்தில் வழக்கும் வரும் அல்லவா? பலர் அதே முறையில் பெட்டி செய்தார்கள், ஸ்மித் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல, கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1935 ஜனவரியில் ஸ்மித் பக்கம் தீர்ப்பு வந்தது. பேட்டன்டின் ஆயுள் அப்போது 17 ஆண்டுகள். 1918உடன் 17ஐக் கூட்டிப் பாருங்கள்... ஜெயித்த சில மாதங்களிலேயே பேட்டன்ட் காலாவதி! ஃபேன் வைத்த பெட்டி அதன் பிறகு உலகத்துக்கே பொதுவானது. இன்று கம்ப்யூட்டர் ஃபேனைத் தெர்மோகோல் பெட்டியில் ஒட்டுபவர் ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயத்தை இலவசமாகச் செய்கிறார்.

முட்டை எப்படி மூச்சு விடுகிறது?

பெட்டி வேலை செய்தது. ஆனால் முட்டைக்குள் காற்றும் ஈரமும் என்ன செய்கின்றன என்ற கணக்கு 1970களில்தான் தெளிவாகக் கிடைத்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரான், ஆமோஸ் ஆர், சார்லஸ் பகனெல்லி ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள்.

கோழி முட்டை ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. 60 கிராம் முட்டை 21 நாளில் சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. சுமார் 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. எல்லாம் ஒரே துளைகள் வழியாக! அந்த நீராவியின் எடை சுமார் 9 கிராம். அது போன இடத்தில்தான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. 19, 20ஆம் நாளில் குஞ்சு முதலில் இந்தக் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து மூச்சு விடக் கற்றுக்கொள்கிறது. பிறகுதான் ஓட்டைக் கொத்துகிறது.

பெட்டியில் ஈரம் அதிகமானால் முட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறாது. காற்றறை சின்னதாகவே இருக்கும். குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல், உள்ளே மிஞ்சிய நீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஓட்டைக் கொத்தியும் வெளியே வர முடியாது. இரண்டிலும் சாவது கடைசி 3 நாளில்தான். முதலில் சொன்ன பெட்டியில் நடந்தது இதுதான்.

தமிழ்நாட்டுக்கு வந்த கதை

இந்தியாவில் கோழித் தொழில் பெரிதானதில் 1971இல் பி.வி.ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் நாமக்கல் முட்டை நகரமானது. பண்ணைகளில் நிற்கும் வெள்ளைக் கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை வரை போடும், ஆனால் அடைக்கு உட்காராது. அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும் என்பதால் அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அதாவது மெஷின் நின்றால் அந்தக் கோழி இனமே ஒரு தலைமுறையில் நின்றுவிடும்!

நாட்டுக்கோழி அப்படி இல்லை. 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும், குஞ்சு பொரித்து வளர்த்து விட்டுத்தான் மறுபடி முட்டைக்கு வரும். இந்த 2, 3 மாதங்களை மிச்சப்படுத்தத்தான் வீட்டு இன்குபேட்டர். கோழி முட்டை போட்டுக்கொண்டே இருக்கும், பெட்டி அடைகாக்கும். 10 கோழி வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு இது பெரிய வருமானம். அதனால்தான் 30 முட்டையில் 22 வீணாவது சின்ன விஷயமில்லை. அது விற்காமல் வைத்த முட்டை, காத்திருந்த 21 நாள், கட்டிய கரண்ட் பில்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்கம்பங்களைச் சாய்த்தது. இப்படிக் கரண்ட் போனால் பெட்டியைப் போர்வையால் மூடுவது எல்லோரும் செய்வது. முதல் வார முட்டைக்கு அது சரி. கடைசி வார முட்டை தானே சூடு விடும், அதற்குக் காற்றுதான் அவசரம். அப்போது போர்வை காற்றுத்துளையை அடைக்கவே கூடாது.

ஆரம்பாக்கம் காற்றுக்கு ஒரு கணக்கு

இப்போது அந்தத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வருவோம். கோழி முட்டைக்கு முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீத ஈரப்பதமும், கடைசி 3 நாள் 65 முதல் 70 சதவீதமும் வேண்டும் என்பது பொதுவான அளவு. காற்றைச் சூடேற்றினால் அதன் ஈரப்பத சதவீதம் குறையும். எவ்வளவு குறையும் என்பது வெளிக்காற்றைப் பொறுத்தது. 37.5 டிகிரிக்குச் சூடேற்றினால் வருவது இதோ:

லண்டன் குளிர்காலம், 10 டிகிரி, 80 சதவீதம்: பெட்டிக்குள் சுமார் 15 சதவீதம்.
உள்நாட்டு வறண்ட கோடை, 35 டிகிரி, 30 சதவீதம்: சுமார் 26 சதவீதம்.
கடலோரக் காற்று, 30 டிகிரி, 75 சதவீதம்: சுமார் 49 சதவீதம்.
மழைநாள், 27 டிகிரி, 90 சதவீதம்: சுமார் 50 சதவீதம்.

பார்த்தீர்களா? ஹியர்சன் ஊரில் தண்ணீர்த் தட்டு இல்லாமல் முடியாது. ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஆரம்பாக்கத்தில் பல நாட்களில் வெளிக்காற்றே தேவையான ஈரத்தோடு வருகிறது. முட்டைகளும் கொஞ்சம் ஈரம் விடும். அங்கே முதல் நாளிலிருந்தே பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தால் ரேயோமூரின் சாணக் குழிதான்!

ஈரம் கூடிவிட்டது என்று பயந்து சிலர் தண்ணீரை எடுப்பார்கள். ஈரம் போதவில்லை என்று பயந்து சிலர் காற்றுத்துளையை அடைப்பார்கள். இரண்டாவது ஆபத்தானது. நாட்டுக்கோழி முட்டை ஒன்று கடைசி நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்தால், 30 முட்டைக்கு 13.5 லிட்டர். 40 லிட்டர் பெட்டியை முழுசாக அடைத்தால் சுமார் ஒரு மணி நேரத்திலேயே கரியமில வாயு 1 சதவீதத்தைத் தொட்டுவிடும். நல்ல பொரிப்பகங்களில் அதை அரை சதவீதத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். ஈரத்தைக் கூட்ட வேண்டுமானால் தண்ணீரின் பரப்பைக் கூட்ட வேண்டும், அதாவது அகலமான தட்டு. ஆழமான கிண்ணத்தால் பயனில்லை. துளைகள் கீழே சில, மேலே சில திறந்தே இருக்க வேண்டும். ஃபேன் காற்று முட்டை மேல் நேராக அடிக்கக் கூடாது, சுவரில் பட்டுச் சுற்றி வர வேண்டும்.

மலிவான ஈரப்பத மீட்டர் சில சமயம் பொய் சொல்லும். ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறதோ அதுதான் மீட்டரின் பிழை.

இதைவிட நல்ல சாட்சி தராசு. 45 கிராம் முட்டை 10 வைத்தால் 450 கிராம். 18ஆம் நாள் சுமார் 12 சதவீதம் குறைந்து 396 கிராம் பக்கம் வர வேண்டும். 9ஆம் நாளே எடை போட்டு, 27 கிராம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். குறைவாக இறங்கியிருந்தால் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். அதிகமாக இறங்கியிருந்தால் தட்டை அகலமாக்க வேண்டும். மீதி 9 நாளில் சரி செய்ய நேரம் இருக்கிறது.

முடிவுரை

எகிப்தியன் கூரைத் துளையைத் திறந்து மூடினான். ரேயோமூர் தக்கையை எடுத்தார். ஹியர்சன் துணியை நனைத்தார். ஸ்மித் ஃபேனைச் சுழல விட்டார். எல்லோரும் தங்கள் ஊர்க் காற்றோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கண்டுபிடித்த பெட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஊற்றிய தண்ணீரின் அளவை எடுத்துக்கொள்ள முடியாது, அது அவர்கள் ஊர் அளவு.

பழவேற்காட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எந்த நாட்டுப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. 9ஆம் நாள் தராசில் வைத்தால் முட்டையே சொல்லிவிடும். அதைக் கேட்டு ஒரு கிண்ணம் தண்ணீரை வெளியே எடுத்து வைத்தால், அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது 8க்குப் பதில் இன்னும் பல குஞ்சுகள் கத்தும்!